போலைட்: எறிந்தவன் யார்?

இராக்காலத்தில் நட்சத்திரம் எரிந்து விழுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவைகளில் சில, வெள்ளியைக் காட்டிலும் பிரகாசமாய் எரிந்து, ஊரையே ஒரு கணம் பகலாக்கிவிட்டு, முடிவில் வெடித்துச் சிதறுவதுமுண்டு. அப்பேர்ப்பட்டதற்கு வானநூலார் 'போலைட்' என்று பெயர் சொல்லுகிறார்கள். வாய்க்குப் பழக்கமில்லாத இந்த வார்த்தைக்குள் ஒரு சங்கதி இருக்கிறது.

கிரேக்க மொழியில் 'போலிஸ்' என்றால் எறியப்படும் ஆயுதம், அதாவது எறியீட்டி. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியிலிருந்த பிளினி என்பவர் வானத்து நெருப்புகளைத் தரம் பிரித்து, முன்பக்கம் மாத்திரம் எரிவதைத் தீவட்டி என்றும், முழுவதும் எரிந்து நீண்ட தடம் விட்டுப் போவதைப் போலிஸ் என்றும் எழுதிவைத்தார். பிரெஞ்சுக்காரர் வாயில் அது 'போலீட்' ஆயிற்று. (அந்நாட்டில் இன்று பந்தயக் காருக்கும் அதே பெயர்தான்!) பூமிநூலாரோ, பெருங்குழி விழும்படியாக வந்து மோதுகிற எதையும் போலைட் என்கிறார்கள்.

எறியப்பட்டது என்றால் எறிந்தவன் ஒருவன் இருக்க வேண்டுமல்லவா? இடியையே ஆயுதமாக வைத்திருந்த ஜீயஸ் கடவுளைக் கும்பிட்ட ஜனங்களுக்கு அதில் கஷ்டமிருந்திராது. தமிழில் 'விண்வீழ்கொள்ளி' என்றொரு பழஞ்சொல் உண்டு. அதில் விழுகிறது இருக்கிறதே தவிர, எறிகிறவன் இல்லை. அந்த மட்டில் நம் சொல் மேல். கொள்ளி என்றதும் சுடுகாட்டை நினைத்து நடுங்குவோமானால் அது சொல்லின் குற்றமல்ல. உண்மையில் அது சூரியனைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு கல். பூமி குறுக்கிடும்போது, வினாடிக்கு 11 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் காற்றுக்குள் நுழைகிறது. எதிரிலுள்ள காற்று நசுங்கிக் கடுஞ்சூடாகி ஒளிவிடுகிறது. கல்லும் உருகி, தாங்கமாட்டாமல் உடைகிறது. இதில் யாருடைய கோபமும் கிடையாது.

இந்த விஷயத்தில் பண்டிதர்களும் யோக்கியமாய் நடந்துகொண்டதாகச் சொல்ல முடியாது. 1768ல் பிரான்சில் லூசே என்ற ஊரில் கல் விழுந்தது. வயலில் வேலை செய்தவர்கள் கண்ணால் கண்டார்கள். ரசாயன மேதை லவாய்சியர் உள்ளிட்டவர்கள் அக்கல்லைச் சோதித்து, இது பூமியில் கிடந்து மின்னல் தாக்கிய கல்தான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். குடியானவன் சாட்சி அவர்களுக்குச் சாட்சியாகப்படவில்லை. 1794ல் ஜெர்மனியின் கிளாட்னி, கற்கள் ஆகாயவெளியிலிருந்தே வருகின்றன என்று புத்தகம் எழுதிப் பரிகாசத்துக்கு ஆளானார். 1803 ஏப்ரல் 26ல் லேகிள் என்னும் ஊரைச் சுற்றி சுமார் 3,000 கற்கள் விழுந்தன. பியோ என்ற இளம் விஞ்ஞானி நேரில் போய், கிராமம் கிராமமாய் விசாரித்து, கற்களையும் பார்த்து எழுதிய அறிக்கைக்குப் பிறகே பண்டிதர்கள் வழிக்கு வந்தார்கள். நம்பமாட்டேன் என்று உட்கார்ந்திருப்பதற்குப் பகுத்தறிவு என்று பெயரில்லை.

ருஷியாவில் செல்யாபின்ஸ்க் நகரத்தின் மேல் 2013 பிப்ரவரி 15ந் தேதி காலையில், சுமார் 20 மீட்டர் அகலமுள்ள கல் ஒன்று வெடித்தது. வெளிச்சத்தைக் கண்ட ஜனங்கள் வேடிக்கை பார்க்க ஜன்னலுக்கு ஓடினார்கள். இரண்டு நிமிஷத்துக்கு மேல் கழித்துத்தான் அதிர்ச்சியலை வந்து சேர்ந்தது. கண்ணாடிகள் நொறுங்கின, சுமார் 1,500 பேர் வைத்தியம் தேடிப் போனார்கள், சாவு இல்லை. ஒளி உடனே வந்துவிடும், ஓசைக்குக் கிலோமீட்டருக்கு மூன்று வினாடி வேண்டும் என்கிற பள்ளிக்கூடப் பாடம் அப்போது ஞாபகம் வந்திருந்தால், ஜன்னலை விட்டு விலகிச் சுவரோரம் ஒதுங்க அந்த இரண்டு நிமிஷம் தாராளம்.