கியர் விழ மாட்டேங்குதா? பளபள குமிழ் வாங்கும் முன் புஷ்சைப் பாருங்க!

கோவில்பட்டி -

பழைய கார் வாங்கியவர் வீட்டில் முதல் மாதமே கேட்கிற புலம்பல் இது. "கியர் சரியா விழ மாட்டேங்குது!"

இரண்டாவது போட்டால் நாலாவதில் போய் உட்காருகிறது. ரிவர்ஸ் போட வலது கையையும் துணைக்குக் கூப்பிட வேண்டியிருக்கிறது. சாத்தூர் பக்கம் நாற்கர ரோட்டில் லாரியை முந்தும்போது கியர் நடுவில் நின்றுவிட்டால், பின்னால் வருகிற ஆம்னி பஸ்சின் ஹாரன் காதைக் கிழிக்கிறது.

உடனே பலரும் செய்கிற காரியம், கார் அலங்காரக் கடைக்கு ஓடுவதுதான். அலுமினியக் குமிழ், கண்ணாடி போல மின்னும் குமிழ், மண்டை ஓடு குமிழ், தோல் உறை என்று கண்ணைப் பறிக்கும் சாமான்கள் அங்கே தொங்குகின்றன. கொஞ்சம் துணிந்த இளவட்டங்கள் "ஷார்ட் ஷிப்டர்" என்னும் குட்டைக் கியர் ராடையே மாட்டிவிடுகிறார்கள்.

காசு போகிறது. கியர் மட்டும் பழையபடிதான் விழுகிறது. சட்டச் சிக்கல் வேறு காத்திருக்கிறது. விவரம் வருமாறு:-

அம்பாசடர் காலத்து வியாதி

இது இன்று நேற்று வந்த வியாதி அல்ல. 1958-ல் வந்த அம்பாசடர் காரில் கியர் தரையில் இல்லை. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் கைப்பிடி போல நீட்டிக் கொண்டிருக்கும். இதனால் முன்சீட்டு ஒரே பெஞ்சாக இருந்தது. டிரைவரோடு சேர்த்து மூன்று பேர், மடியில் ஒரு பிள்ளை என்று கழுகுமலைக்கும் திருச்செந்தூருக்கும் போன குடும்பங்கள் எத்தனையோ!

ஆனால் அந்தக் கைப்பிடிக்கும் கியர் பாக்சுக்கும் நடுவே நீளமான ராடுகள், ராடுக்கு ராடு இணைப்புகள். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு புஷ். ஒவ்வொரு புஷ்சும் கடுகளவு தேய்ந்தால் போதும், கைப்பிடியில் நாலு விரல் ஆட்டம் தெரியும். ஒரே நேரத்தில் இரண்டு கியருக்கு நடுவே சிக்கிக் கொண்டால், டிரைவர் இறங்கி பானெட்டைத் திறந்து ராடைக் கையால் இழுத்து விடுவார். பழைய டிரைவர்களுக்கு இது கை வந்த கலை. முதல் கியருக்கு சிங்க்ரோ வசதியும் கிடையாது. வண்டி நின்ற பிறகுதான் போட வேண்டும். ஓட்டத்தில் போட்டால் 'கர்ர்...' என்று தெருவே திரும்பிப் பார்க்கும்.

கியரைத் தரைக்குக் கொண்டுவரும் ஆசை அப்போதே வந்துவிட்டது. கம்பெனியே 1990-களில் இசுசு என்ஜின் வைத்த அம்பாசடரில் தரை கியரைக் கொடுத்தது. உத்தரபாரா தொழிற்சாலை 2014-ல் அம்பாசடர் தயாரிப்பை நிறுத்தியது. வண்டி போய்விட்டது, வியாதி மட்டும் வேறு வண்டிகளுக்குத் தொற்றிக் கொண்டது.

கரிசல் மண்ணின் வேலை

மாருதி 800 போன்ற கார்களில் கியர் ராடு தரையில்தான் இருக்கிறது. ஆனால் என்ஜினும் கியர் பாக்சும் முன்னால் குறுக்காகக் கிடக்கின்றன. இரண்டையும் இணைக்கும் ராடு காருக்கு அடியில் வெட்டவெளியாக ஓடுகிறது.

கரிசல் காட்டில் அடியில் ஓடுகிற எதற்கும் ஆயுசு குறைவு. கோடையில் புழுதி பறந்து கிரீசோடு சேர்ந்து கொள்கிறது. அப்புறம் அது கிரீஸ் இல்லை, சாணை பிடிக்கிற பசை! ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தாலோ, கரிசல் மண் அடியில் அப்பிக் கொண்டு, வெயில் வந்ததும் செங்கல்லாக இறுகிவிடும். ரப்பர் உறை ஒரு இடத்தில் கிழிந்தாலும் போதும். புஷ் தேய்ந்து கியர் ராடு வெங்காயத் தாள் போல ஆடும்.

இப்போது வருகிற பெரும்பாலான கார்களில் ராடுக்குப் பதில் இரண்டு கேபிள். ஒன்று இடம் வலம் பார்க்கும், மற்றொன்று முன்னே பின்னே தள்ளும். இதிலும் கேபிள் நுனியில் இருப்பது சின்ன பிளாஸ்டிக் கிண்ணம்தான். அது தேய்ந்து கழன்றால் நடுரோட்டில் கார் நின்றுவிடும். கியர் பாக்சே போய்விட்டதாகப் பயந்து, பெரிய செலவுக்குத் தலையாட்டியவர்களும் உண்டு.

பட்டறைக்குப் போகும் முன்

மூன்று சோதனைகளைக் கார் வைத்திருப்பவர் தாமே செய்து பார்க்கலாம். செலவு இல்லை.

என்ஜினை அணைத்துவிட்டு கிளட்ச்சை மிதித்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். எல்லாம் வழுக்கிக் கொண்டு விழுகிறது, என்ஜின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடிக்கிறது என்றால், குற்றவாளி கியர் ராடு இல்லை. கிளட்ச் முழுசாக விடுபடவில்லை. கிளட்ச் கேபிளையோ பிளேட்டையோ பார்க்க வேண்டும்.

நியூட்ரலில் வைத்து ராடை ஆட்டிப் பாருங்கள். எந்தப் பக்கமும் நிற்காமல் துவண்டு விழுந்தால் புஷ் அல்லது கேபிள் போய்விட்டது.

மற்ற கியர் எல்லாம் சரி, ஒரே ஒரு கியர் மட்டும் வேகமாகப் போட்டால் கத்துகிறது என்றால், கியர் பாக்சுக்குள் இருக்கும் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. இதற்கு வெளியே எந்த சாமானை மாட்டினாலும் பலன் இல்லை. பாக்சை இறக்கித்தான் ஆக வேண்டும்.

இந்த மூன்றில் எதுவும் குமிழை மாற்றினால் தீருகிற வியாதி இல்லை! புஷ் செட்டின் விலையோ, பளபள குமிழின் விலையைவிடப் பெரும்பாலும் குறைவுதான். ஆனால் புஷ் காருக்கு அடியில் இருக்கிறது. பக்கத்து சீட்டில் உட்காருகிற மச்சான் பார்க்க முடியாது.

குட்டை ராடின் கணக்கு

ஷார்ட் ஷிப்டர் என்பது ஏமாற்று வேலை இல்லை. அது கிணற்று ஏற்றம் போன்ற நெம்புகோல் கணக்கு. கியர் ராடுக்கு நடுவே ஒரு சுழலும் இடம் உண்டு. அதற்கு மேலே 30 சென்டிமீட்டர், கீழே 6 சென்டிமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். கீழ் நுனி 3 சென்டிமீட்டர் நகர, குமிழ் 15 சென்டிமீட்டர் நகர வேண்டும். கீழ்ப்பகுதியை ஏழரை சென்டிமீட்டராக நீட்டினால் குமிழ் 12 சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும்.

கை நகருவது ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். ஆனால் கொடுக்க வேண்டிய பலம் கால் பங்கு கூடிவிடும். இதைக் கடையில் யாரும் சொல்வது இல்லை.

நல்ல கியர் பாக்ஸ், நல்ல புஷ், நிதானமான கை என்றால் குட்டை ராடு சுகமாகத்தான் இருக்கும். தேய்ந்த பாக்சில் மாட்டினால் சிங்க்ரோ வளையம் இன்னும் சீக்கிரம் போகும். கியருக்குக் கியர் இடைவெளி குறைவதால் தப்பு கியர் விழும் ஆபத்தும் இருக்கிறது. வேகமாகப் போகும்போது நாலாவதுக்குப் பதில் இரண்டாவது விழுந்தால், என்ஜின் அலறிக் கெட்டுப்போகும். பின்னால் வருகிறவர் கதி என்ன?

கனமான உலோகக் குமிழுக்கும் இங்கே ஒரு தனிச் சங்கடம். மார்க்கெட் பக்கம் மதிய வெயிலில் காரை நிறுத்திவிட்டு வந்து அதைத் தொட்டுப் பாருங்கள். தோசைக்கல் தோற்றது!

ரூ.5 ஆயிரம் அபராதம்

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுதான் இதற்கு உரியது. பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறுபடும்படி காரை மாற்றக் கூடாது என்கிறது. வண்டியின் அமைப்பை மாற்றி அதன் அடிப்படைத் தன்மையே மாறினால்தான் அது "மாற்றம்" என்றும் அந்தப் பிரிவே விளக்கம் தருகிறது.

கேரளாவில் இருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு இதை மேலும் இறுக்கியது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்ற முடியாது என்று தீர்ப்பு அளித்தது. அதே ஆண்டு பார்லிமெண்டில் திருத்தச் சட்டமும் நிறைவேறியது. அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் என்று ஆகிவிட்டது.

அப்படியானால் குமிழ் மாற்றியவர் எல்லாம் ஜெயிலுக்குப் போக வேண்டுமா? வேண்டாம். குமிழும், உறையும், கம்பெனி அளவிலான புது புஷ்சும் வண்டியின் அமைப்பை மாற்றுவது இல்லை. பதிவுப் புத்தகத்தில் கியர் குமிழுக்கு என்று ஒரு பத்தியும் இல்லை.

வேறு மாடல் கியர் பாக்சை ஏற்றுவது, அதற்காகத் தரையை வெட்டுவது, வெல்டிங் வைப்பது என்று போனால் கதை வேறு. அதோடு என்ஜினும் மாறினால், நம்பரே பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் போகாது. ஆர்.டி.ஓ. ஆபீசில் மாட்டிக் கொள்வது நிச்சயம்.

வாடகைக் கார்காரர்களுக்குத்தான் இதில் அடி பலம். வண்டிக்கு 8 வருஷம் ஆகிவிட்டால் ஆண்டுதோறும் எப்.சி. காட்ட வேண்டும். அங்கே வண்டி திருப்பி அனுப்பப்பட்டால் அன்றைய சவாரி போச்சு, மாத வட்டி நிற்குமா? சொந்தக் காரும் 15 வருஷத்தில் மறுபதிவுக்கு வந்தே தீர வேண்டும். தவிர, செய்த மாற்றத்தை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் விட்டால், விபத்து நடந்த பிறகு இழப்பீடு கேட்கும்போது அதுவே தடையாக வந்து நிற்கும்.

அனுமதி கிடைக்கும் மாற்றம்

சட்டமே கதவைத் திறந்து வைத்திருக்கும் இடமும் ஒன்று இருக்கிறது. கால் ஊனமுற்றவர்கள் ஓட்டுவதற்காக கிளட்ச், பிரேக்கைக் கையால் இயக்கும்படி காரை மாற்றிக் கொள்ளலாம். கிளட்ச்சை மிதிக்காமலே கியர் மாற்றும் வசதியும் வைக்கலாம். முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அனுமதி பெற வேண்டும். மாற்றத்தைப் பதிவுப் புத்தகத்திலும் ஏற்றிக் கொள்ள வேண்டும்.

தீப்பெட்டி ஆபீசுக்கும் கடலை மிட்டாய் கடைக்கும் தினமும் அடுத்தவர் வண்டியில் தொற்றிக் கொண்டு போகிறவர்களில், சொந்தமாகக் கார் ஓட்டக்கூடியவர்கள் இருக்கலாம். இப்படி ஒரு வழி இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் இதைத் தமிழில் எழுதி ஒட்டினால் என்ன?