பாலின் மீது பழி போட வேண்டாம்

தாய்ப்பால் குடித்து உறங்கிய குழந்தை மூச்சுத் திணறி இறந்தது என்னும் செய்தி நாளிதழ்களில் அவ்வப்போது வருகிறது. பெரும்பாலும் நான்கைந்து வரிகள்தாம் இருக்கும். இரவு பால் கொடுத்துத் தூங்க வைத்தார்கள். விடியற்காலையில் குழந்தையிடம் அசைவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது உயிர் இல்லை. பால் புரையேறியதே காரணம் எனக் கூறப்படுகிறது. செய்தி அத்துடன் முடிந்துவிடும். அதைப் படித்த இளம் தாயின் அச்சம் முடிவதில்லை. எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வரும் தாய்மார்களில் சிலர் அந்த அச்சத்தால் இரவில் பால் கொடுப்பதையே குறைத்துவிடுகிறார்கள். வேறு சிலர், கக்கும் பால் வெளியே வழிந்துவிடட்டும் என்று குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கிறார்கள். முன்னது வீண் இழப்பு. பின்னது ஆபத்து.

இத்தகைய மரணங்களில் பால் விசாரணையின்றித் தண்டிக்கப்படுகிறது என்பதே எங்கள் கருத்து. நலமாக இருந்த குழந்தை உறக்கத்தில் இறந்து, முழுமையான பிரேதப் பரிசோதனை, இறந்த இடத்தின் ஆய்வு, நோய் வரலாறு ஆகிய மூன்றிலும் காரணம் புலப்படாதபோது அதனைத் திடீர்ச் சிசு மரணம் என்கிறோம். இந்த மூன்றும் நடந்த பின்னர் முடிவு சொல்லப்படுவது நம் ஊர்களில் அரிது. மூச்சுக்குழலில் சிறிது பால் காணப்பட்டாலும், அது உயிர் பிரியும் தறுவாயிலோ, காப்பாற்ற நெஞ்சை அழுத்தியபோதோ மேலேறி வந்ததாக இருக்கலாம். அதனை மட்டும் வைத்துப் பாலே கொன்றது என்று கூற இயலாது. மாறாக, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளிடையே திடீர்ச் சிசு மரணம் குறைவாகவே காணப்படுகிறது.

மல்லாந்து படுத்தால் புரையேறாதா என்று ஏறக்குறைய எல்லாப் பாட்டிமார்களும் எங்களிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். குழந்தை மல்லாந்து படுத்திருக்கையில் மூச்சுக்குழல் மேலேயும், உணவுக்குழல் அதன் அடியிலும் இருக்கும். எதுக்களித்து வரும் பால் மூச்சுக்குழலுக்குள் நுழைய வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறக் கிடக்கும்போது இந்த அமைப்பு தலைகீழாகிவிடுகிறது. மேலும், முகம் மெத்தையில் அழுந்தும் குழந்தை தான் வெளிவிட்ட காற்றையே மீண்டும் இழுக்கிறது. விழித்துக்கொள்ளும் ஆற்றலும் அந்நிலையில் மந்தமாகிறது. ஒருக்களித்துக் கிடத்துவதும் நல்லதன்று. எந்த நேரமும் குப்புறச் சரிந்துவிடலாம்.

இதே அச்சம் மேலை நாடுகளையும் ஆட்டிவைத்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்போக் எழுதிய புகழ்பெற்ற வளர்ப்பு நூல், 1950களின் பிற்பகுதி முதல், குழந்தை கக்கினால் மூச்சு அடைக்கும் என்று கூறிக் குப்புறப் படுக்க வைக்கப் பரிந்துரைத்தது. ஒரு தலைமுறைத் தாய்மார்கள் அதனை நம்பிப் பின்பற்றினார்கள். 1987இல் நெதர்லாந்தும், 1991இல் பிரிட்டனும் நியூசிலாந்தும், 1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் அந்த அறிவுரையை மாற்றத் தொடங்கின. அமெரிக்காவில் 1990இல் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 130ஆக இருந்த திடீர்ச் சிசு மரணம், பத்தே ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதியானது. புதிய மருந்தோ கருவியோ அதற்குத் தேவைப்படவில்லை. நம் வீடுகளில் குழந்தையை மல்லாத்திக் கிடத்துவதே நெடுநாளைய வழக்கம். பிறர் கைவிட்ட பழக்கத்தை நாம் இப்போது, தலை தட்டையாகிவிடும், நன்றாகத் தூங்கும் என்ற பெயர்களில் புதிதாகக் கற்றுக்கொள்வது எங்களுக்கு வருத்தமளிக்கிறது. தலை தட்டையாகாமலிருக்க, குழந்தை விழித்திருக்கும்போது, ஒருவர் அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கக் குப்புறக் கிடத்தினால் போதும்.

குறைமாதக் குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு விளக்கம் கடமையாகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் உங்கள் குழந்தை குப்புறப் படுத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். சுவாசம் சீர்படும் பொருட்டு, இதயத் துடிப்பையும் ஆக்சிஜன் அளவையும் இடைவிடாது கருவியால் கவனித்துக்கொண்டு செய்யப்படுவது அது. வீட்டில் அந்தக் கருவியும் இல்லை, விழித்திருக்கும் செவிலியரும் இல்லை. குறைமாதக் குழந்தைகளுக்குத் திடீர் மரண ஆபத்து கூடுதல் என்பதால், உடல்நிலை தேறியதும் வீடு திரும்புவதற்குப் பல நாட்கள் முன்னரே மல்லாந்து உறங்கப் பழக்கத் தொடங்குகிறோம்.

தூளியைப் பற்றிக் கூறினால் சிலருக்குக் கோபம் வரும். நாங்களும் சேலைத் தூளியில் ஆடி வளர்ந்தவர்களே. ஆயினும் தொய்ந்த துணியில் குழந்தையின் உடல் வளைந்து, தாடை நெஞ்சில் படியும்போது மூச்சுப் பாதை குறுகுகிறது. கழுத்து நிற்காத குழந்தையால், குறிப்பாக எடை குறைந்த குழந்தையால், தலையை நிமிர்த்திக்கொள்ள முடியாது. ஆகவே, ஆள் அருகில் இருக்கத் தூளியில் ஆட்டுங்கள். உறங்கியதும் எடுத்துச் சமமான, உறுதியான படுக்கையில் கிடத்துங்கள். அதில் கடுகுத் தலையணை, பஞ்சு மெத்தை, பொம்மை எதுவும் வேண்டாம். கழுத்தில் கயிறோ தாயத்தோ கட்டாதீர்கள். மின்விசிறி ஓடுகிறதே என்று குல்லாயும் கம்பளியும் போட்டு மூடுவதும் வேண்டாம். உடல் மிகுதியாகச் சூடாவதும் ஆபத்தே.

தாயும் சேயும் ஒரே படுக்கையில் உறங்கலாமா? தனிக் கட்டில் போடுங்கள் என்று ஒற்றை அறை வீட்டில் வாழ்பவரிடம் கூறுவது எளிது, பயன் குறைவு. ஒரே அறையில், கைக்கெட்டும் தொலைவில், தனிப் பாய் விரித்துக் கிடத்துவது நல்லது. பால் கொடுக்கும்போது கண் அயர்ந்துவிடும் என்று தோன்றினால் சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ அமராதீர்கள். அவையே மிகவும் ஆபத்தானவை. மதுவோ புகையோ பழகியவர், தூக்கம் தரும் மாத்திரை உண்டவர் குழந்தையின் பக்கத்தில் படுக்கவே கூடாது. புகைப்பவர் வாசலில் நின்று புகைத்துவிட்டு வந்தாலும், நஞ்சு அவர் சட்டையிலேயே வருகிறது.

இத்தனையும் கடைப்பிடித்த வீட்டிலும் மிக அரிதாக ஒரு குழந்தை இறக்கக்கூடும். அப்போது, புரண்டு படுத்தாயா, பாலை எப்படிக் கொடுத்தாய் என்று உறவினர் தாயைக் கேட்கத் தொடங்குவதை நாங்கள் மருத்துவமனை நடைவழியிலேயே கண்டிருக்கிறோம். அந்தக் கேள்விகளை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று கூடி முடிவெடுக்கும் முன்பு, காரணம் தெரியாமல் வாழப் போகிறவள் அவளே என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

பிரசவ வார்டிலிருந்து வீடு திரும்பும் நாளில், குழந்தையை எப்படிக் கிடத்துவது என்று எங்கள் செவிலியர் செய்து காட்டுவார். தாயிடம் மட்டும் காட்டினால் போதாது. இரவில் குழந்தையைத் தூங்க வைக்கப் போகிறவர் பாட்டியோ, தந்தையோ, அத்தையோ, அவரையும் அன்று அழைத்து வாருங்கள்.