பட்டியலில் இல்லாத ஆபத்து

அக்டோபர் மாதம் வந்தால் இளஞ்சிவப்பு ரிப்பன் வந்துவிடும். கூடவே ஒரு பட்டியலும் வரும்: தாமதத் திருமணம், தாமதக் குழந்தைப்பேறு, தாய்ப்பால் கொடுக்காமை, உடல் பருமன், மது. உடனே பட்டிமன்றப் பேச்சாளர் முதல் வாட்ஸ்அப் வைத்தியர் வரை தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்: "பொம்பளைங்க படிச்சு வேலைக்குப் போய் முப்பது வயசுல கல்யாணம் பண்ணா மார்பகப் புற்றுநோய் வராம என்ன செய்யும்?"

பட்டியலில் உள்ளவை பொய் அல்ல. அவை ஒவ்வொன்றும் நோய்க்கான வாய்ப்பை ஓரளவு கூட்டுகின்றன. பரம்பரை மரபணுக் கோளாறால் வருவது நூற்றில் ஐந்து முதல் பத்து வரை. ஆனால் பட்டியலின் தலையில் இருக்க வேண்டிய இரண்டை எந்தச் சுவரொட்டியும் பெரிதாகப் போடுவதில்லை: பெண்ணாக இருப்பது, வயது ஏறுவது. நோய் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இவ்விரண்டையும் தவிர வேறு குறிப்பிட்ட காரணமே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்புறம் எதற்கு இந்தக் குற்றப்பத்திரிகை? "உன் கதிக்கு நீயே காரணம்" என்ற வாதம் நமக்குப் புதிதா என்ன? முன்வினை என்று சொல்லிச் சேரியை ஊருக்கு வெளியே வைத்த அதே வாதம்தான் இது.

இருபது வயதில் பிள்ளை பெற்று, இரண்டு வருடம் பால் கொடுத்து, வயலிலும் துப்புரவுப் பணியிலும் தேய்ந்த நம் பெண்கள் இந்தப் பட்டியலின்படி பாதுகாப்பானவர்கள். அதனாலேயே கட்டி கையில் தட்டுப்பட்டாலும் "வலி இல்லையே" என்று தள்ளிப்போடுகிறார்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது என்று அவர்களுக்குச் சொன்னது யார்? ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போச்சு.

இந்தக் கணக்கைப் பாருங்கள். மிகவும் வளர்ந்த நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு இந்நோய் வருகிறது. 71 பேரில் ஒருவர் இதனால் சாகிறார். மிகவும் பின்தங்கிய நாடுகளில் 27 பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது. 48 பேரில் ஒருவர் சாகிறார். குறைவாக வந்து அதிகமாகக் கொல்கிறது! தாமதமான திருமணமா இதற்குக் காரணம்? தாமதமான சிகிச்சை.

வழி இல்லாமல் இல்லை. 1998இல் மும்பை குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை ஓர் ஆய்வைத் தொடங்கியது. மொத்தம் ஒன்றரை லட்சம் பெண்கள். அவர்களில் பாதிப் பேரை, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். மேமோகிராம் இயந்திரம் கிடையாது. பரிசோதிக்கப்பட்டவர்களிடம் நோய் முன்கூட்டியே பிடிபட்டது. ஐம்பது வயதைக் கடந்தவர்களில் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது.

30 முதல் 65 வயதுவரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனை வேண்டும் என்று 2016இலேயே ஒன்றிய அரசு வழிகாட்டுதல் வகுத்தது. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது பரிசோதிக்கப்பட்டவர்கள் 0.9 சதவீதம். முன்னேறிய தமிழ்நாட்டில்? 5.6 சதவீதம்!

தோழர்களே, மார்பில் கட்டி, தோலில் குழி, காம்பில் கசிவு, எதைக் கண்டாலும் வலிக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்: எங்கள் தெருப் பெண்களைப் பரிசோதிக்க எந்த நாள் ஒதுக்கியிருக்கிறீர்கள்? நாள் இல்லை என்றால் மனுவாக எழுதிக் கொடுங்கள், கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். எங்கள் பெண்களுக்கு அறிவுரை போதும், பரிசோதனை வேண்டும்.