கேட்டதெல்லாம் செய்தியா?



நோணாங்குப்பத்தில் கடலூர் சாலையோரம் கடை நடத்துபவராக இருந்தாலும் சரி, புதுவைக்குப் பேருந்தேறிப் படிக்கப் போகும் இளைஞராக இருந்தாலும் சரி, 2020 ஏப்ரலை நீங்கள் மறந்திருக்க முடியாது. டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸ் சென்று திரும்பிய இருவருக்குப் பக்கத்து அரியாங்குப்பத்தில் கொரோனா உறுதியானது அப்போதுதான்.

கூட்டம் கூடிய இடத்தில் நோய் பரவியது உண்மை. அதை எழுதுவது பத்திரிகையின் கடமை. அதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் நடந்தது அதுவா? நோயாளியைக் குற்றவாளியாக்கினார்கள், குற்றவாளியைச் சதிகாரனாக்கினார்கள். 'கொரோனா ஜிஹாத்' என்றொரு சொல்லையே உற்பத்தி செய்தார்கள்! போலீஸ்காரர் மீது தப்லீக்காரர் துப்புகிறார் என்று ஒரு வீடியோ சுற்றியது. அதில் இருந்தவர் மும்பையில் வேறொரு வழக்கின் விசாரணைக் கைதி. சம்பவம் நடந்தது பிப்ரவரியில். நோய் பரப்பத் தட்டை நக்குகிறார்கள் என்று இன்னொன்று. அது, உணவு வீணாகக் கூடாது என்பதற்காகப் போராக்கள் தட்டை வழித்துச் சாப்பிடும் 2018-ஆம் ஆண்டுக் காட்சி.

வியாபாரிகளே, இதன் விலையைக் கொடுத்தவர்கள் நீங்கள்தான். உத்தரப்பிரதேசத்தில் சுரேஷ் திவாரி என்ற பா.ஜ.க. எம்.எல்.ஏ., முஸ்லிம்களிடம் காய்கறி வாங்காதீர்கள் என்று பகிரங்கமாகவே சொன்னார். தள்ளுவண்டிக்காரன் என்ன பாவம் செய்தான்? அவன் டெல்லியை வரைபடத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

பிறகு நீதிமன்றங்கள் பேசின. 2020 ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, 29 வெளிநாட்டினர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகத் தோன்றுகிறது என்றும், ஊடகங்களில் பெரும் பிரச்சாரமே நடந்தது என்றும் எழுதியது. டிசம்பரில் டெல்லி நீதிமன்றம் 36 வெளிநாட்டினரை விடுவித்தது. வெளிநாட்டினருக்கு இடமளித்ததாக 70 இந்தியர்கள் மீது போடப்பட்ட 16 வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது எப்போது தெரியுமா? 2025 ஜூலை 17-இல். ஐந்து ஆண்டுகள்! பழியை இரவு பகலாகச் சொன்ன அலைவரிசைகளில் இந்தத் தீர்ப்பை எத்தனை நிமிடம் பார்த்தீர்கள்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

எல்லாப் பத்திரிகையும் பொய் என்று ஒதுக்கிவிடலாமா? கூடாது. மேலே சொன்ன வீடியோக்களின் குட்டை உடைத்தவர்களும் ஊடகத்துறையினர்தான். ஆல்ட் நியூஸ் அதில் முன்னால் நின்றது.

இன்னொன்றையும் கசந்தாலும் சொல்லத்தான் வேண்டும். அதே ஏப்ரலில், இந்தூரில் நமது சமுதாயத்துக்குள்ளேயே ஒரு வதந்தி: நல்லாயிருக்கும் முஸ்லிம்களைக் கூட்டிப்போய் நோயை ஊசியாகப் போடுகிறார்கள் என்று. விளைவு? பரிசோதிக்க வந்த சுகாதார ஊழியர்கள் மீது கல்வீச்சு. கொண்டுவரப்பட்ட செய்தியைத் தீர விசாரிக்கும்படி அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆவது வசனம் யாருக்குச் சொல்கிறது? ஈமான் கொண்ட நமக்குத்தான், தொலைக்காட்சி முதலாளிக்கு மட்டுமல்ல. தொழுகை முடிந்த கையோடு பத்துக் குழுக்களுக்கு வீடியோ அனுப்பும் தம்பி, அதை ஒரு தரமாவது விசாரித்தாயா?

டீக்கடையில் பொருமுவதால் எதுவும் ஆகாது. முறையிட வழியிருக்கிறது. நாளிதழ் தவறு செய்தால் முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும். திருத்தாவிட்டால், செய்தி வந்த 2 மாதத்துக்குள் பிரஸ் கவுன்சிலுக்குப் புகார் செய்யலாம். அது அபராதம் போட முடியாது, கண்டிக்கத்தான் முடியும். பல் இல்லாத அமைப்பு என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். தொலைக்காட்சி என்றால், ஒளிபரப்பான 7 நாளுக்குள் அந்த நிறுவனத்துக்கே முதலில் எழுத வேண்டும். பதில் திருப்தி தராவிட்டால் செய்தி ஒளிபரப்பாளர்களின் தர ஆணையத்துக்குப் போகலாம். தப்லீக் செய்திகளுக்காக 2021 ஜூனில் நியூஸ் 18 கன்னடாவுக்கு 1 லட்சம், சுவர்ணா நியூஸுக்கு 50,000 ரூபாய் அபராதம் விழுந்தது இந்த வழியில்தான். அந்த அலைவரிசைகளுக்கு இது சில்லறைக் காசு. ஆனாலும் தவறு தவறென்று பதிவாயிற்றே! யாரோ சிலர் உட்கார்ந்து, தேதி நேரம் குறித்து, மனு எழுதியதால் அது நடந்தது.

மஹல்லாவுக்கு இரண்டு படித்த இளைஞர்கள் இந்த வேலைக்குக் கிடைக்க மாட்டார்களா? நறுக்கை வெட்டி வைக்கும்போது இதழின் பெயரையும் தேதியையும் மேலேயே எழுதி வையுங்கள். அந்த 2 மாதக் கணக்கு அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.