வியூ பொயின்ட்டுக்குக் கீழே ஒரு லயம் இருக்கிறது

ஏப்ரல் லீவு நெருங்கினால் எங்கள் வாட்ஸ்அப்புக்கு ஒரே கேள்விதான் வரும்: "கண்டிப் பக்கம் ஃபெமிலியோட தங்க நல்ல கெபின் ஏதும் தெரியுமா?" பேராதனையில் படிக்கிறோம் என்ற ஒரே காரணத்துக்காகச் சொந்தக்காரர் எல்லாரும் எங்களை டூர் கைட் ஆக்கிவிட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து சித்தி கேட்பார், வெள்ளவத்தையிலிருந்து மாமா கேட்பார். வெயிலில் வெந்துபோன சனம், இரண்டு நாள் குளிருக்கு ஆசைப்படுவதில் பிழையில்லை. கேள்விக்குப் பின்னால் வருகிற பட்டியல்தான் எங்களுக்குப் பிரச்சினை. பூல் இருக்கா, பார்பிகியூ போடலாமா, ஹொட் வோட்டர் வருமா, வைஃபை இழுக்குமா, வியூ எப்படி?

அந்த வியூவுக்குள் யார் இருக்கிறார்கள் என்று இதுவரைக்கும் ஒருவரும் கேட்டதில்லை. நாங்களும் கேட்டதில்லை. அதைத்தான் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும்.

போன வருடம் எங்கட பேட்ச்சில் பதினாலு பேர் சேர்ந்து தெல்தோட்டைப் பக்கம் ஒரு கெம்பிங் இடத்துக்குப் போனோம். ஒரு கெபினுக்கு ஒரு இரவுக்கு 28,000 ரூபா. ஒரு தோழி மட்டும் வரவில்லை. காசுப் பிரச்சினை என்று நினைத்து, "நாங்க போடுறம், வா" என்று பெரிய மனசுக்காரர் மாதிரிச் சொன்னோம். அவள் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினாள். திரும்பி வந்து படங்களைக் காட்டினபோதுதான் சொன்னாள்: "அந்த எடத்துக்குக் கீழதான் எங்க லயம். மேல அவங்க தொட்டி கட்டினதுக்குப் பொறகு எங்க பீலியில தண்ணி பாதியாக் கொறைஞ்சிருச்சு. நான் எப்படி அங்க வந்து பூல்ல எறங்குறது?"

படங்களைத் திரும்பப் பார்த்தோம். மலை, மூடுபனி, தேயிலை. ஓரத்தில் வரிசையாகத் தகரக் கூரைகள். போஸ்ட் பண்ணும்போது அந்தக் கூரைகளை கட் பண்ணியிருந்தோம். வேண்டுமென்று செய்யவில்லை, படம் வடிவாக வரவேண்டும் என்றுதான் செய்தோம். இந்தக் கட்டுரை அந்த கட் பண்ணுகிற பழக்கத்துக்கு எதிரானது.

கண்டி மலைகளில் கெபின் என்பது புதுச் சாமானும் இல்லை. ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1852இல் இலங்கைக்கு வந்தார். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இலங்கையின் வர்த்தகத் தேயிலை அங்கேதான் தொடங்கியது. அவர் இருந்த மரக் கெபினின் எச்சத்தையும், உட்கார்ந்து மலையைப் பார்த்த கல் இருக்கையையும் இன்றைக்கும் ஆட்கள் போய்ப் பார்க்கிறார்கள். 1892இல் அவர் இறந்தபோது, 24 தொழிலாளர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்து, முறை மாற்றி மாற்றி அவரது உடலைக் கண்டிக்குச் சுமந்து வந்தார்கள் என்று குறிப்புகள் சொல்கின்றன. மகியாவ மயானத்தில் டெய்லருக்குக் கல்லறை இருக்கிறது. சுமந்த 24 பேரின் பெயரை எந்தப் பலகையிலும் நாங்கள் காணவில்லை. கெபினில் இருந்து பார்த்தவருக்குப் பெயர் இருக்கிறது, சுமந்தவர்கள் வெறும் எண்ணிக்கை. சுற்றுலா இந்தக் கணக்கை மாற்றவில்லை, அதற்கு ஒரு பூல் மட்டும் கட்டியிருக்கிறது.

தோட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வீடு கட்ட ஏழு பேர்ச் காணி கேட்டால் எத்தனை கோப்பு, எத்தனை கையெழுத்து, எத்தனை தேர்தல்! பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்களுக்கு இன்னும் காணி உறுதி இல்லை. மலையக மக்கள் வந்து 200 வருடம் ஆனதை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அந்த நடையின் கோரிக்கைகளில் ஒன்று இந்தக் காணிதான். ஆனால் அதே மலையில் துரை பங்களா ஹொட்டேலாகிறது, வியூ உள்ள சரிவில் கெபின் முளைக்கிறது. தங்க வருகிறவனுக்குக் கிடைக்கிற நிலம், கொழுந்து பறிக்கிறவளுக்குக் கிடைப்பதில்லை. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கு 2021 வரை போராட வேண்டி வந்தது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. நாங்கள் ஒரு இரவுக்குக் கொடுத்தது அவர்களின் இருபது நாள் சம்பளத்தைவிடக் கூட.

"எல்லாத்துக்கும் அரசியல் பேசாதீங்கடா, ஃபெமிலியோட சந்தோசமா இருக்கத்தானே போறம்" என்பீர்கள். சரி, உங்கள் ஃபெமிலியைப் பற்றியே பேசுவோம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. மண் சரிந்து வருகிறபோது அது லயத்தையும் லக்சரி கெபினையும் பிரித்துப் பார்க்காது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயங்கள் மண்ணுக்குள் போயின. அது ஆபத்தான இடம் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. அவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை. உங்களுக்கு இருக்கிறது. அந்த வசதி இருந்தும் சரிவைப் பற்றி ஒரு கேள்வி கேட்காமல், பிள்ளைகளோடு போய் விளிம்பில் படுப்பது என்ன புத்தி?

எங்களோடு சண்டைக்கு வருகிறவர்கள் சொல்லுகிற ஒரு நியாயமான பேச்சும் உண்டு. "டூரிஸ்ட் வராவிட்டால் அந்தப் பெடியன்களுக்கு வேலை எது?" உண்மைதான். நாங்கள் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. நக்கிள்ஸ் பக்கம் மீமுரே போன்ற கிராமங்களில் ஊர்ச் சனமே வீட்டில் இடம் கொடுத்து, சமைத்துப் போட்டு, காட்டுக்கு வழிகாட்டியாகவும் வருகிறார்கள். அங்கே கொடுக்கிற காசு அந்த வீட்டுக்குள்ளேயே போகிறது. தோட்டப் பக்கத்திலும் எங்கட வயசுப் பெடியன்கள் இரண்டு டென்ட் வைத்துக்கொண்டு தொழில் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களிடம் போங்கள். வேலை கிடைக்கிறது என்பதற்காக எந்த வேலையும் நல்ல வேலையாகிவிடாது. நிலமும் தண்ணியும் கையைவிட்டுப் போன பிறகு, அதே இடத்தில் வோச்சர் வேலை கிடைப்பதை முன்னேற்றம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

ஆகவே சித்திக்கும் மாமாவுக்கும் இனி எங்களின் பட்டியல் இதுதான்.

ஒன்று, தண்ணி எங்கிருந்து வருகிறது? கீழே உள்ள சனத்துக்கும் அதே ஊற்றா?

இரண்டு, சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்த இடமா? சரிவில் கட்டியதென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி இருக்கிறதா? போகிற கிழமை அந்த நிறுவனம் உங்கள் பகுதிக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால், அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லை, போகாதீர்கள்.

மூன்று, நக்கிள்ஸ் காட்டுக்குள் டென்ட் அடிக்கிறதென்றால் வனத் திணைக்களத்தின் அனுமதி எடுத்தார்களா? 2010இலிருந்து அது உலக மரபுரிமைப் பகுதியின் ஒரு பங்கு. பதனைப் புல்லில் ஒரு நெருப்புப் பொறி போதும். உங்கள் பார்பிகியூவுக்காக மலை எரிய வேண்டுமா?

நான்கு, அங்கே வேலை செய்கிறவர்கள் எந்த ஊர்? சம்பளம் ஒழுங்காகக் கொடுபடுகிறதா?

ஐந்து, வான் ஓடி வந்த அண்ணன் எங்கே படுப்பார்? பன்னிரண்டு பேருக்குக் கட்டில் பார்க்கிறோம், மலைப்பாதையில் எங்கள் உயிரைக் கையில் வைத்து ஓட்டினவர் சீட்டைச் சாய்த்துக்கொண்டு பனியில் கிடக்கிறார். டிரைவருக்கு அறை இல்லாத இடத்துக்கு ஐந்து ஸ்டாரும் கொடுக்கிறோம்!

இவற்றைக் கேட்டால் உலகம் மாறிவிடாது என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் பூல் இருக்கா என்று எல்லாரும் கேட்டதால்தான் எல்லாரும் பூல் கட்டினார்கள். கேட்கிறவன் மாறினால் கட்டுகிறவனும் கொஞ்சமாவது யோசிப்பான்.

தோழியிடம் இந்தக் கட்டுரையைக் காட்டினோம். வாசித்துவிட்டு, "எழுதுனது சரி. அடுத்த லீவுக்கு எங்க வீட்டுக்கு வாங்க, கேக்க வேண்டியத அங்க வந்து கேளுங்க. பூல் இல்ல, பீலிதான்" என்றாள். போகப்போகிறோம். இந்த முறை படத்தில் எதையும் கட் பண்ணுவதில்லை.