உத்தம சோழன் யார்? 'பொன்னியின் செல்வன்' சான்றுகள் குறித்து எங்கள் வாசகர் வட்டத்தின் நிலைப்பாடு

நிலக்கோட்டை, வேடசந்தூர், நத்தம் பக்கங்களிலிருந்து பஸ் பிடித்துத் திண்டுக்கல் வந்து மாதம் ஒருமுறை கூடுகிறோம். கடந்த மூன்று கூட்டங்களும் ஒரே வாக்குவாதத்தில் போயின: உத்தம சோழனாக முடிசூடியவர் யார்?

2023-இல் வந்த மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' படத்தின் இரண்டாம் பாகத்தைப் பார்த்த தம்பி, முடிசூடியது அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகன்தான் என்றார். கல்கி இதழில் நாவல் தொடராக வந்த பக்கங்களைக் கிழித்துத் தன் அப்பா பைண்டு செய்த தொகுப்பை மடியில் வைத்திருந்த அம்மா ஒருவர், "சேந்தன் அமுதன்யா!" என்று பக்கத்தைப் புரட்டினார். ஓரம் பொடியாக உதிர்ந்தது. கல்வெட்டு படிக்கும் நண்பர், உத்தமர் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்தவர், நாவலில் அந்த இருவரும் குழந்தையாக இருந்தபோது மாறிப்போனது கல்கியின் கற்பனை என்றார். அவரவர் சான்றின்படி மூவரும் சொன்னது சரி. எதை வைத்துப் பேசுகிறோம் என்று முதலில் யாருமே சொல்லாததுதான் சண்டைக்குக் காரணம்.

எனவே எங்கள் நிலைப்பாடு இது. கதைக்குள் என்ன நடந்தது என்ற கேள்விக்குக் கல்கியின் எழுத்தே முடிவான சான்று. கதை சட்டென்று முடிந்துவிட்டதே என்று கேட்ட வாசகர்களுக்காக 1954-இல் அவர் எழுதிய முடிவுரையும் அதில் அடக்கம். திரைப்படம் தனிப் படைப்பு. அதை மதிக்கிறோம், ஆனால் நாவலின் சந்தேகத்தைத் தீர்க்க அதை அழைக்க மாட்டோம். பின்னாளில் மற்றவர்கள் எழுதிய தொடர்ச்சிகளுக்கும் இதே விதி.

சோழர் வரலாறு என்று வந்துவிட்டால் நாவலும் சான்றாகாது. இதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையையே எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு, இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லி, அவர்களுடைய உறவினரின் சொத்துகளைப் பறிமுதல் செய்யச் சொல்கிறது. இரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராசன் என்ற பட்டமும் இருந்தது. அது அரசு அதிகாரிகளுக்குரிய பட்டம். நாவலில் நாம் பார்க்கும் மந்திரவாதி இரவிதாசன் வேறு ஆள். கொலையை ஏவியது யார் என்பதில் ஆய்வாளர்களுக்கே ஒற்றுமை இல்லை. நீலகண்ட சாஸ்திரியாரின் சந்தேகம் உத்தம சோழன்மேல் விழுந்தது. சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. கல்வெட்டில் எங்கு தேடினாலும், நாவலில் கொலைச் சதியின் நடுவே நிற்கும் நந்தினி இல்லை. அவள் கல்கியின் படைப்பு.

இதில் எங்களுக்கு ஊர் அக்கறையும் உண்டு. நாங்கள் இருப்பது பாண்டிய நாட்டு மண். பாண்டிய மன்னன் வீரபாண்டியன், 'சோழன் தலைகொண்டவன்' என்று பட்டம் சூட்டிக்கொண்டான். கரிகாலன் அந்த வீரபாண்டியனின் தலையைக் கொண்டதாகப் பட்டம் பூண்டான். இரண்டு பக்கமும் ரத்தம். பாண்டிய மன்னனின் மெய்க்காவலரான ஆபத்துதவிகள் கரிகாலனைக் கொல்லச் செய்த சதியை நாவலில் படித்துவிட்டு, பள்ளிப் பேச்சுப்போட்டியில் ஒரு பிள்ளை அதை வரலாறாகவே ஒப்பிக்கும்போது, கைதட்டிவிட்டுப் போக எங்களுக்கு மனம் வரவில்லை.

நந்தினியின் தகப்பன் யார் என்பதைக் கல்கி பல வாய்களில் பலவிதமாகச் சொல்ல வைத்திருக்கிறார். அந்த முடிச்சை வட்டத்தின் பெயரால் நாங்கள் அவிழ்க்க மாட்டோம். அவரவர் ஊகத்தை ஊகம் என்று சொல்லிப் பேசலாம்.

அடுத்த கூட்டத்திலிருந்து, பேசுகிறவர் முதலில் நாவலா, கல்வெட்டா, படமா என்று சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். நாவல் என்றால் பாகமும் அத்தியாயமும் சொல்ல வேண்டும். பழைய பைண்டு தொகுப்பு வீட்டில் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். ஓரம் உதிராமல் இருக்கத் துணி உறை தைத்துத் தருகிறோம்.