இடப்பக்கம் ஒடிக்கும் முன்

புனேக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு. ஒரு காலத்தில் இதைச் சைக்கிள் நகரம் என்பார்களாம். இப்போது வேலைக்குச் சைக்கிளில் போகிறவர் யாரென்று பார்த்தால் வாட்ச்மேன், பால்காரர், கட்டட வேலைக்காரர். (ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட் கோஷ்டி தனி. அந்தச் சைக்கிள் விலைக்கு ஒரு பழைய மாருதியே வாங்கிவிடலாம்!)

போன மாதம் எங்கள் காலனி முனையில் நான் இடப்பக்கம் திரும்ப வேண்டும். முன்னால் ஒரு சைக்கிள் நேராகப் போய்க்கொண்டிருந்தது. பின்னாலேயே போயிருந்தால் ஐந்து விநாடி தாமதம், அவ்வளவுதான். நானோ அவரைத் தாண்டிப்போய், அவர் மூக்குக்கு முன்னால் சடாரென்று ஒடித்தேன். மனுஷர் தடுமாறிக் காலை ஊன்றி எப்படியோ நின்றார். டிபன் டப்பா தெறித்து விழுந்தது. என் பெண் இறங்கி எடுத்துக் கொடுத்தாள். நான் வாயைத் திறக்குமுன் அவர் சொன்னது, "மாஃப் கரா, சாஹேப்."

தப்பு என்னுடையது, மன்னிப்பு கேட்டது அவர்! ஊரில் எங்கப்பா முப்பது வருஷம் சைக்கிளில்தான் ஆபீஸ் போனார். எத்தனை கார்க்காரர்களிடம் இப்படிக் கேட்டிருப்பாரோ.

அன்று ராத்திரி 2017-ம் வருஷத்து வாகனம் ஓட்டும் விதிகளை எடுத்துப் படித்தேன். லைசென்ஸ் வாங்கி இருபது வருஷம் கழித்து! சிக்னலோ போலீஸோ இல்லாத முனையில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு வழிவிட வேண்டும். ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு முதலிடம். வலப்பக்க விதி 1989-லிருந்தே இருக்கிறது. வருவது லாரியா சைக்கிளா என்று அது கேட்பதில்லை. நாம்தான் கேட்கிறோம். பஸ் வந்தால் நிற்கிறோம், சைக்கிள் வந்தால் ஹாரன் அடிக்கிறோம்.

"சைக்கிள்காரன் மட்டும் ஒழுங்கா? ராங் சைடில் வரான், லைட் கிடையாது" என்பார்கள் நண்பர்கள். வாஸ்தவம்தான், நானே திட்டியிருக்கிறேன். ஆனால் அவர் தப்பு செய்தாலும் அடிபடுவது அவர், நான் தப்பு செய்தாலும் அடிபடுவது அவர். அதனால் முனையில் நிதானிக்க வேண்டியது ஸ்டியரிங் பிடித்திருப்பவர்தான் என்பது என் கட்சி. இங்கே சில ரோடுகளில் சைக்கிளுக்குத் தனிப்பாதை போட்டிருக்கிறார்கள். முனை வந்ததும் அது மாயமாகிவிடும், எங்கே வேண்டுமோ அங்கேதான் இல்லை.

இப்போதெல்லாம் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன். பின்னால் ஹாரன் கிழிகிறது. அடிக்கட்டும்.

கணக்கு டியூஷனுக்குச் சைக்கிளில் போகிறேன் என்கிறாள் பெண். இரண்டு கிலோமீட்டர், நாலு முனை. அதில் ஒன்று இதே முனை. இன்னும் சரியென்று சொல்லவில்லை.